புத்திமதி வேறு, சிகிச்சை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், குடும்பத் தகராறு காரணமாக மகளிர் காவல் நிலையத்துக்கு வந்த கணவன், மனைவி இருவருக்கும் ‘கவுன்சிலிங்’ அளித்து, போலீசார் அவர்களைச் சேர்த்து அனுப்பிவைத்ததாக எட்டு வரிச் செய்தி ஒன்று வெளியாகியிருந்தது. அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் பொறியியல் கவுன்சிலிங்கின் இரண்டாம் சுற்று பற்றிய அறிவிப்பும், அதையொட்டி ஒரு பள்ளியில் மாணவர்களுக்குக் கவுன்சிலிங் முகாம் நடந்த செய்தியும் இருந்தன. மூன்று வெவ்வேறு காரியங்களுக்கு ஒரே சொல். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் 28 ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஒரு சொல் எத்தனை பேரைத் தவறான வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த காரணத்தால் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஜூலை மாதம், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகனை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா என் அறைக்கு வந்தார். பையனுக்குத் திடீர் திடீரென்று மூச்சு முட்டுகிறது, வகுப்பில் உட்கார முடியவில்லை என்று மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் ஓ.பி. சீட்டில் ‘கவுன்சிலிங்’ என்று எழுதி என்னிடம் அனுப்பியிருந்தார். அந்த அம்மா மேசைமேல் பிளாஸ்டிக் ஃபைலைப் பிரித்து, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை வரிசையாக எடுத்து வைத்தார். வேறு காலேஜுக்கு மாற்றிக் கொடுக்கத்தான் டாக்டர் எழுதித் தந்திருக்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பல வாரங்களில் அவன் சிரித்தது அன்றுதான் என்று அவர் பிறகு சொன்னார். நான் சிரிக்கவில்லை. தவறு அந்த அம்மாவுடையது அன்று என்பது எனக்குத் தெரியும்.

உளவியல் ஆலோசனை என்பது பெரும்பாலும் வாழ்க்கையில் எதிர்ப்படும் ஒரு குறிப்பிட்ட இடரை ஒட்டியது. தேர்வில் தோற்றவர், வேலையிழந்தவர், துணையைப் பறிகொடுத்தவர், ஒரு முடிவை எடுக்க முடியாமல் தவிப்பவர் ஆகியோர் தம் நிலையைத் தாமே தெளிவாகப் பார்க்க உதவுவது அது. உளவியல் சிகிச்சை என்பது மனச்சோர்வு, பதற்ற நோய், ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) போன்றவற்றுக்கு, மருந்தோடு சேர்த்தோ தனியாகவோ, வகுக்கப்பட்ட முறையில் தரப்படுவது. இரண்டுக்கும் நடுவே உள்ள வேலி தாழ்வானதுதான். பயிற்சி பெற்றவர்கள் தேவைக்கேற்ப இப்புறமும் அப்புறமும் போய்வருவார்கள். ஆனால் இரண்டிலும் புத்திமதிக்கு இடம் மிகக் குறைவு. ‘எல்லாம் சரியாப் போயிடும், மனசைத் தைரியமா வெச்சுக்கோ’ என்று சொல்ல, உதவி தேடி வருபவருக்கு வீட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லிக் கேளாததால்தானே அவர் பஸ் ஏறி மருத்துவமனைக்கு வருகிறார்?

தனி மனிதருக்கான சிகிச்சைகளில் இன்று மிகுதியாகப் பயன்படுவது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. சி.பி.டி. என்று சொன்னால் மருத்துவமனை வட்டாரத்தில் எல்லோருக்கும் புரியும். 1960களில் பிலடெல்பியாவில் ஏரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக வகுத்த முறை அது. பிறகு பதற்ற நோய்களுக்கும் விரிந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல எனக்கு நினைவுக்கு வருபவர் ஒரு ஜவுளிக்கடை ஊழியர். (இந்தக் கடிதத்தில் வரும் எவரையும் அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பஸ்ஸில் போகும்போது ஒரு நாள் நெஞ்சு படபடத்து, கை குளிர்ந்து, இதோ உயிர் போகிறது என்று இறங்கி ஓடியவர் அவர். அதன் பிறகு நான்கு முறை ஈ.சி.ஜி. எடுத்தார், நான்கும் சரியாகவே இருந்தன. இதயத்தில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லும்போது நம்புவார், வாசலைத் தாண்டியதும் நம்பமாட்டார். பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்தே போகத் தொடங்கினார். நடந்து போனதால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டது.

சிகிச்சையில் அவருக்கு யாரும் தைரியம் சொல்லவில்லை. படபடப்பு வந்தால் மாரடைப்பு என்று மனம் பொருள் கொள்கிறது, அந்தப் பயமே படபடப்பைக் கூட்டுகிறது, கூடியது பயத்தை உறுதி செய்கிறது என்ற வட்டத்தை ஒரு தாளில் அவரே வரைந்தார். பிறகு மருத்துவமனையின் மூன்று மாடியையும் வேகமாக ஏறச் சொல்லி, மேலே நின்று, இதயம் தானாகவே அடங்கும்வரை நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொன்னோம். அடுத்த வாரம் பஸ்ஸில் ஒரு நிறுத்தம். அதற்கடுத்த வாரம் மூன்று நிறுத்தங்கள். அதற்கும் பிறகு, கதவோரம் நிற்காமல், கையில் தண்ணீர் பாட்டில் இல்லாமல், நடு இருக்கையில் உட்கார்ந்து. பதினோராவது வாரம் அவர் வரவில்லை. திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறார் என்று அவர் தம்பி வந்து சொன்னார். எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. ஆனால் வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை, எட்டிலிருந்து பதினாறு அமர்வுகள் என்று இந்தச் சிகிச்சைக்குப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு. ஒரே நாளில் ‘கவுன்சிலிங் கொடுத்தாச்சு’ என்று முடித்துக்கொள்ளும் காரியம் அன்று அது.

இதைத் தவிர, இழப்பும் உறவுச் சிக்கலும் மனச்சோர்வுக்குக் காரணமாக இருக்கையில் உறவுகளை மையமாகக் கொண்ட சிகிச்சையும், சிறுவயது அனுபவங்கள் இன்றைய வாழ்வில் எப்படித் திரும்ப நடிக்கப்படுகின்றன என்பதைத் தேடும் நீண்டகாலச் சிகிச்சையும், நாட்பட்ட நோயாளிகளைத் தாங்கிப் பிடிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் உண்டு. எது யாருக்கு என்பதைச் சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

நோய் ஒருவருக்கு, சிகிச்சையில் குடும்பம் முழுவதும் உட்கார வேண்டும் என்ற நிலையும் வருவதுண்டு. கைகழுவிக் கழுவித் தோல் வெடித்துப்போன ஒரு பெண்மணியை ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அழைத்து வந்தார்கள். அத்தனை ஆண்டுகளும் அவருடைய நோய்க்கு வீட்டில் ‘மடி, ஆசாரம்’ என்ற கௌரவமான பெயர் இருந்தது. கணவர் வாசலிலேயே கால் கழுவி, சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பிள்ளைகள் புத்தகப் பையைத் தரையில் வைக்கக் கூடாது. ‘சுத்தமாத்தானே இருக்கு?’ என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டாலும் ‘இருக்கு’ என்று பதில் சொல்ல வேண்டும். சண்டை வேண்டாம் என்று குடும்பம் செய்துகொண்ட இந்த உடன்படிக்கைதான் நோய்க்குச் சோறு போட்டது. அந்தப் பெண்மணி கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு, கழுவாமல், பதற்றம் தணியும்வரை காத்திருக்கப் பழகியது சிகிச்சையில் ஒரு பாதி. அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல், அதே சமயம் கோபப்படாமலும் இருக்கக் கணவர் பழகியது மறுபாதி. இரண்டாவதுதான் அதிக நாள் எடுத்தது.

கணவன், மனைவி இணைந்து வரும் தம்பதியர் சிகிச்சைக்கு வருகிறேன். இங்கேதான் குழப்பம் மிகுதி. நம் ஊரில் இருவரை எதிரெதிரே உட்காரவைத்தால் அது பஞ்சாயத்து. யார் பக்கம் நியாயம் என்று மூன்றாமவர் சொல்லியாக வேண்டும். அந்த எதிர்பார்ப்போடுதான் தம்பதியரும் வருகிறார்கள். சிகிச்சையாளர் தீர்ப்புச் சொல்வதில்லை. மனைவி குரலை உயர்த்துகிறார், கணவர் செல்போனை எடுக்கிறார். அவர் செல்போனை எடுப்பதால் இவர் இன்னும் குரலை உயர்த்துகிறார். இந்தச் சுழலை இருவருக்கும் கண்முன்னே காட்டுவதுதான் முதல் வேலை. 1980களில் கனடாவில் சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பர்க்கும் உருவாக்கிய உணர்வு சார்ந்த தம்பதியர் சிகிச்சையில், அந்தக் கத்தலுக்கு அடியில் ‘நான் உனக்கு வேண்டுமா, வேண்டாமா’ என்ற கேள்வியும், அந்த மௌனத்துக்கு அடியில் ‘என்ன செய்தாலும் உனக்குப் போதாது’ என்ற அயர்ச்சியும் இருப்பதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடத்துக்கு மெல்ல மெல்லக் கொண்டுவருவார்கள். சேர்ந்து வாழ்வதுதான் வெற்றி, பிரிவதெல்லாம் தோல்வி என்று சிகிச்சையாளர் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு உட்காருவதில்லை.

குடும்பநல நீதிமன்றத்தில் நடப்பது வேறு. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சமரசத்துக்கு முதலில் முயற்சி செய்ய வேண்டும் என்று நீதிமன்றத்தையே கடமைப்படுத்துகிறது. அங்குள்ள ஆலோசகர்கள் அந்தக் கடமைக்குத் துணை நிற்பவர்கள். மத்தியஸ்த மையத்தின் நோக்கம் ஜீவனாம்சம், குழந்தையை யார் வளர்ப்பது, நகை, சீர்வரிசை ஆகியவற்றில் உடன்பாடு காண்பது. இரண்டும் தேவையானவை, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வாய்தாவுக்கு வாய்தா அரை மணி நேரம் பேசிவிட்டு, ‘கவுன்சிலிங் போனோம், ஒன்றும் பலனில்லை’ என்று சொல்லும் தம்பதியரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போனது சமரச முயற்சிக்கு. சிகிச்சையை அவர்கள் இன்னும் தொடங்கவே இல்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இனி, தங்கள் எட்டு வரிச் செய்தியில் என்னை உறுத்திய இடம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது முதல், ஆண் காவலர் முன்னால் வாய் திறக்க முடியாத பெண்களுக்கு அந்த நிலையங்கள் செய்த உதவியை மறந்துவிட்டு நான் பேசவில்லை. ஆனால் அடி வாங்கிய பெண்ணையும் அடித்த ஆணையும் ஒரே மேசைக்கு முன் உட்காரவைத்து, ‘என்னதான் பிரச்சினை, ரெண்டு பேரும் சொல்லுங்க’ என்று கேட்பதைக் கவுன்சிலிங் என்ற பெயரால் எழுதாதீர்கள். வன்முறை தொடர்ந்து நடக்கும் இடத்தில் தம்பதியரைச் சேர்த்து வைத்துச் சிகிச்சை தரக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பால பாடம். கணவர் பக்கத்தில் இருக்கும்போது மனைவி உண்மையைச் சொன்னால் அதற்கான விலையை அன்றிரவு வீட்டில் கொடுப்பார். சொல்லாவிட்டால், ‘அவளே ஒன்றும் சொல்லவில்லையே’ என்று எழுதிக்கொள்வார்கள்.

அதனால்தான் தம்பதியராக வரும் எவரையும் தொடக்கத்தில் ஒரு முறையாவது தனித்தனியே பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தனியே இருக்கும்போதும் ‘வன்முறை உண்டா’ என்று கேட்டால் பதில் வராது. ‘கோபம் வந்தா கை நீட்டுவாரா?’ என்று கேட்க வேண்டும். ‘எப்பவாவது, மேடம்’ என்பார்கள். எப்பவாவது என்றால் கடைசியாக எப்போது என்று கேட்டால், பல நேரங்களில் அது முந்தின நாளாக இருக்கும். ஒரு பெண், பதில் சொல்வதற்குப் பதிலாக, கண்ணாடி வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிக் காட்டினார். வெளியே பெஞ்சில் கணவரும் மாமியாரும் காத்திருந்தார்கள்; ‘நல்லாப் புத்தி சொல்லி அனுப்புங்கம்மா’ என்று மாமியார் உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னார்.

சட்டம் இந்த விஷயத்தில் நம் வழக்கத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டின் சட்டத்தில், 14ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவர் ஆலோசனைக்கு உத்தரவிடலாம். தனியாகவோ சேர்த்தோ என்று அதிலேயே இருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் வந்த 2006ஆம் ஆண்டு விதிகளில் 14ஆம் விதியைப் படித்துப் பாருங்கள்: தான் செய்த வன்முறைக்கு எந்த நியாயமும் கற்பிக்க எதிர்த்தரப்பினருக்கு ஆலோசனையின்போது இடமில்லை, அதை அமர்வு தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும் என்று சொல்கிறது. ‘அவ வாயை மூடிட்டு இருந்தா நான் ஏன் சார் அடிக்கப் போறேன்’ என்ற வாக்கியத்துக்குச் சட்டப்படி அங்கே அனுமதி இல்லை. இந்த விதியை அறிந்த ‘கவுன்சிலிங்’ எத்தனை நிலையங்களில் நடக்கிறது என்று விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டால் தங்கள் வாசகர்களுக்குப் பெரும் பயன் உண்டு.

குடும்பச் சிகிச்சை மேல்நாட்டுச் சரக்கு, நம் கூட்டுக் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். உள்ளபடி பார்த்தால், மனநோயாளியைக் குடும்பத்தோடு சேர்த்துப் பராமரிப்பதில் நம் நாடு பலருக்கு முன்னோடி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் உறவினர்களை அங்கேயே தங்கவைத்து, பராமரிப்பில் பங்கெடுக்கச் செய்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் உறவினர் ஒருவர் நோயாளியோடு தங்கியிருப்பது நீண்டகால வழக்கம். அடைத்து வைத்துவிட்டு வீட்டார் திரும்பிப் பார்க்காமல் போன காலத்தில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பழைய ஆஸ்பத்திரிகளைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

மனச்சிதைவு நோய் உள்ளவர் வீடு திரும்பிய பின், உறவினர்களின் ஓயாத குறைகூறலும், பகைமையும், அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாத்தலும் நிறைந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் கண்டார்கள். 1980களில் சண்டிகரில் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, அங்குள்ள குடும்பங்களில் அந்தக் குறைகூறல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது. நம் வீடுகளின் பொறுமைக்கு அது ஒரு சான்றிதழ்; ஆனால் அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு. ‘பத்து மணி வரைக்கும் தூங்குறான், சோம்பேறி’ என்று மகனைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு தந்தைக்கு, முனைப்பின்மையும் அந்த நோயின் ஓர் அறிகுறிதான், அதில் மருந்தின் மயக்கமும் சேர்ந்திருக்கிறது என்று விளக்கியபோது அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘இதை மூணு வருஷத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாமே’ என்று மட்டும் கேட்டார். குடும்பத்துக்கு நோயைப் பற்றிய அறிவைத் தருவதும் சிகிச்சையின் ஒரு வகை. அதற்கு ஆகும் செலவு சில மணி நேரங்களும் சில நாற்காலிகளும்தான்.

நாற்காலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களிடையே பணியாற்றிய சால்வடோர் மினுச்சின் என்ற அர்ஜென்டினா மருத்துவர், குடும்பத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதையே நோயறியும் கருவியாக வைத்துக்கொண்டவர். பள்ளிக்குப் போக மறுத்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனை என்னிடம் அழைத்துக்கொண்டு வந்த பெற்றோர், அவனை நடுவில் உட்காரவைத்து இரு பக்கமும் அமர்ந்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். ‘அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ரெடின்னு’ என்று அம்மா சொல்வார். ‘எனக்குப் பசிக்கலைன்னு சொல்லு’ என்று மூன்றடி தள்ளி இருக்கும் அப்பா சொல்வார். அவன் பள்ளிக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் பேச்சே நின்றுவிடும். நான் பையனின் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன். பெற்றோர் இருவருக்கும் இடையே ஒரு வெற்றிடம் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவனைத் திட்டிப் பள்ளிக்கு அனுப்பும் வேலை அன்றோடு நின்றது, வேறு வேலை தொடங்கியது.

இவ்வளவும் தர வல்லவர் யார் என்ற கேள்விக்கு நம் மக்களுக்கு நேரான விடை கிடைப்பதில்லை. மருத்துவ உளவியலாளர் என்றால் 1992ஆம் ஆண்டின் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவு எண்ணைத் தயங்காமல் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மனநலச் சமூகப் பணியாளர்கள் குடும்பத்தோடு வேலை செய்யப் பயின்றவர்கள். இவர்களுக்கு வெளியே, வார இறுதி வகுப்பில் கிடைத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டு, ஜாதகப் பொருத்தமும் தம்பதியர் கவுன்சிலிங்கும் ஒரே மேசையில் பார்ப்பவர்கள் உண்டு. 2021ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் உளவியலாளர், ஆலோசகர் ஆகியோரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அந்தப் பதிவேடு சாதாரண மக்கள் எடுத்துப் பார்க்கும் நிலைக்கு வருவதுதான் முக்கியம்.

பணம் இல்லாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். அது முதல் வாசல். அங்கிருந்து மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ வழிகாட்டுவார்கள். தனியாரிடம் ஓர் அமர்வுக்கான கட்டணம் பலருக்குப் பல நாள் கூலி. மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாக மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொன்னாலும், வெளிநோயாளியாக வாரந்தோறும் வந்துபோகும் இந்த அமர்வுகளுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் பணம் கிடைப்பதில்லை. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படுவதை உரிமையாக்குகிறது. நான் பணியாற்றிய ஓர் இடத்தில் ஆலோசனை அறைக்கும் ஊசி போடும் இடத்துக்கும் நடுவே பாதி உயரத்துக்கு ஒரு பிளைவுட் தடுப்புதான் இருந்தது. அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் அழுகை நின்றுவிடும்.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. செய்தியில் ‘கவுன்சிலிங்’ என்று எழுதும் இடத்தில், நடந்தது சமரசப் பேச்சா, எச்சரிக்கையா, அறிவுரையா, சிகிச்சையா என்று பார்த்து அந்தச் சொல்லையே போடுங்கள். நான்குக்கும் தமிழில் பழகிய சொற்கள் இருக்கின்றன. மற்றொன்று, அந்த எட்டு வரிச் செய்தி தொடர்பானது. ‘கணவருடன் மகிழ்ச்சியாகப் புறப்பட்டுச் சென்றார்’ என்று அது முடிகிறது. அந்தப் பெண்ணிடம் யாராவது தனியே பேசினார்களா என்பது அதில் இல்லை. தங்கள் செய்தியாளர் மறுபடி அந்த நிலையத்தின் பக்கம் போனால், அதை மட்டும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் சமூகப் பணியாளர்,
திருச்சிராப்பள்ளி.